பந்தியை எண்ணும் சாயங்கள்: திசுவில் செல் பெருக்கத்தைக் கண்டறிதல்

ஒரு சுண்டெலியின் வயிற்றறைக்குள் பிஆர்டியூ என்ற வேதிப்பொருளை ஊசி வழியாகச் செலுத்தி, இரண்டு மணி நேரம் கழித்து அதன் சிறுகுடலை எடுத்துச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும். விரல் விரலாக நீட்டி நிற்கும் குடலுறிஞ்சிகள் முழுக்க நீலமாக இருக்கும். அவற்றின் அடிவாரத்தில் புதைந்த குழிகளில் மட்டும் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அதே ஊசியைப் போட்டு இரண்டு நாள் பொறுத்து எடுத்தால், பழுப்பு குழியை விட்டு மேலே ஏறியிருக்கும். இன்னும் ஓரிரு நாளில் நுனிக்குப் போய்க் குடலுக்குள் உதிர்ந்துவிடும்.

சாயமேற்றும் கிட் ஒன்றே, நிறமும் ஒன்றே. ஆனால் முதல் ஸ்லைடில் பழுப்பாகத் தெரிபவை அப்போது டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொண்டிருந்த செல்கள். இரண்டாவதில் தெரிபவை அவற்றின் பிள்ளைகள்; அவற்றில் பெரும்பாலானவை இனி ஒருபோதும் பிளவுபடப் போவதில்லை. ஊசிக்கும் அறுவைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கடந்தது என்பதை ஸ்லைடு சொல்லாது. செய்தவர் குறித்து வைத்திருந்தால்தான் உண்டு.

கிட் பெட்டியின் மேல் 'செல் பெருக்கத்தைக் கண்டறிய' என்று ஒரே வரியாக அச்சிட்டிருப்பார்கள். அந்த ஒரு வரிக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. செல் பெருக்கச் சுழற்சிக்குள் இருக்கிறதா? இந்த நேரத்தில் டிஎன்ஏவைப் படியெடுக்கிறதா? எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? முதல் இரண்டுக்கும் சாயம் பதில் சொல்லும். மூன்றாவதற்குத் தனியாக எந்தச் சாயமும் பதில் சொல்லாது. இந்தத் துறையின் குழப்பங்களில் பெரும்பகுதி, முதல் இரண்டின் பதிலை மூன்றாவதன் பதிலாக வாசிப்பதால் வருபவை.

முதலில் எண்ணப்பட்டது செல் பிளவுதான். ஜெர்மனியின் வால்தர் ஃபிளெமிங் 1882-இல் வெளியிட்ட நூலில், சாயமேற்றிய செல்களில் நூல் நூலாகத் திரண்டு பிரியும் பொருளை வரைந்து காட்டி, அந்த நிகழ்வுக்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தார். இன்றும் மார்பகப் புற்றுநோயின் தரத்தைச் சொல்லும்போது பேத்தாலஜி மருத்துவர் பிளவில் இருக்கும் செல்களை எண்ணுகிறார். வேறு செலவு எதுவும் இல்லை; வழக்கமான ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் போதும். ஆனால் ஒரு செல்லின் சுழற்சியில் பிளவு சுமார் ஒரு மணி நேரந்தான். பெரும்பகுதி ஆயத்தத்திலேயே போகிறது. அதனால் கண்ணில் படும் பிளவுகள் மிகக் குறைவு. போதாததற்கு 'பத்து புலங்களில் இத்தனை' என்று எழுதும் வழக்கம் வேறு. ஒரு நுண்ணோக்கியின் பார்வைப் புலமும் இன்னொன்றின் புலமும் ஒரே பரப்பு அல்ல. இதனால்தான் இப்போது சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை என்று எழுதச் சொல்கிறார்கள்.

பிளவுக்கு முந்தைய ஆயத்தம் எப்படி நடக்கிறது என்பது 1950-களின் தொடக்கத்தில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் தெளிவானது. ஆல்மா ஹோவர்டும் ஸ்டீபன் பெல்க்கும் அவரை வகைச் செடியின் வேர்நுனிக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து, டிஎன்ஏ எப்போது உருவாகிறது என்று பார்த்தார்கள். இரண்டு பிளவுகளுக்கு இடையில் ஒரு குறிப்பிட்ட காலப்பகுதியில் மட்டும் அது நடந்தது. எல்லாப் பாடநூலிலும் இருக்கும் ஜி1, எஸ், ஜி2, எம் என்ற நான்கு கட்டங்கள் அங்கிருந்து வந்தவை. 1957-இல் ஹெர்பர்ட் டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் பாஸ்பரஸுக்குப் பதில் டிரிட்டியம் ஏற்றிய தைமிடினைப் பயன்படுத்தினார்கள். தைமிடின் டிஎன்ஏவுக்கு மட்டும் உரிய செங்கல். ஆர்என்ஏவில் அது சேராது. ஆகவே கதிரியக்கம் எங்கே தெரிகிறதோ அங்கே டிஎன்ஏ புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஸ்லைடின் மேல் ஒளிப்படப் பசையைப் பூசி, இருட்டில் வாரக்கணக்கில் வைத்திருந்து, வெள்ளித் துகள்களை எண்ணுவார்கள். முடிவு தெரியும்போது பருவமே மாறியிருக்கும்.

இந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது பிஆர்டியூ. தைமிடினில் ஒரு மீத்தைல் தொகுதி இருக்கும் இடத்தில் இதில் புரோமின் அணு இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பருமன் என்பதால் செல் ஏமாந்து, தைமிடின் என்றே நினைத்து டிஎன்ஏவில் கோத்துவிடுகிறது. 1982-இல் ஹோவர்ட் கிராட்ஸ்னர் இந்தப் போலிச் செங்கல்லை அடையாளம் காணும் ஒற்றை வகை ஆன்டிபாடியை வெளியிட்டார். கதிரியக்கம் தேவையில்லை, இருட்டறை தேவையில்லை. ஒன்றிரண்டு நாளில் விடை. கிட் என்று பெட்டியில் அடைத்து விற்கக்கூடிய பொருளாக இது மாறியது இதற்குப் பிறகுதான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, ஒவ்வொன்றும் எதற்கு என்று கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. புதிதாக வரும் ஆய்வு மாணவர்கள் சமையல் குறிப்புபோல வரிசையாகச் செய்துவிட்டு, கறை வராதபோது எந்தப் படியில் தவறியது என்று தெரியாமல் விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

திசு முதலில் ஃபார்மலினில் பதப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு ஸ்லைடில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சைலீனில் மெழுகைக் கரைத்து, ஆல்கஹால் வழியாகத் தண்ணீருக்குக் கொண்டுவருகிறார்கள். அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு. இரத்தச் சிவப்பணுவிலும் சில வெள்ளணுக்களிலும் பெராக்சிடேஸ் போன்ற வினை இயல்பாகவே உண்டு. அதை முன்னதாக அடக்காவிட்டால், கடைசியில் சம்பந்தமில்லாத இடமெல்லாம் பழுப்பாகும். பிறகு டிரிப்சின் என்ற நொதி சற்று நேரம். ஃபார்மலின் பின்னிய புரத வலையை அது தளர்த்துகிறது.

அடுத்த படிதான் முக்கியம். ஆன்டிபாடி பிஆர்டியூவைத் தொட வேண்டுமென்றால் டிஎன்ஏவின் இரட்டை இழை பிரிந்திருக்க வேண்டும். புரோமின் உட்பக்கமாக மறைந்திருக்கிறது. கிட்டில் 'டினேச்சரிங் கரைசல்' என்று வருவது இதற்குத்தான். சொந்தமாகச் செய்பவர்கள் 37 டிகிரியில் அரை மணி நேரம்போல இரண்டு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வைத்து, பிறகு போரேட் கரைசலில் அமிலத்தைத் தணிப்பார்கள். குறைவாக வைத்தால் இழை திறக்காது, கறை வராது. அதிகமானால் திசு ஸ்லைடைவிட்டுக் கழன்று மிதக்கும், அல்லது வடிவம் குலைந்துபோகும். கறை வந்தாலும் அது எந்த வகைச் செல் என்று சொல்ல முடியாது. வேறொரு புரதத்தையும் அதே சீவலில் பார்க்க நினைத்தால், அந்தப் புரதம் இந்த அமிலக் குளியலைத் தாங்குமா என்பது தனிக் கவலை.

மீதி எளிது. பயோட்டின் ஒட்டிய ஆன்டிபாடி பிஆர்டியூவைப் பிடிக்கிறது. பெராக்சிடேஸ் சுமந்த ஸ்ட்ரெப்டாவிடின் பயோட்டினைப் பிடிக்கிறது. டிஏபி என்ற நிறமற்ற பொருளைப் பெராக்சிடேஸ் கரையாத பழுப்பாக அந்த இடத்திலேயே படியவைக்கிறது. கடைசியில் ஹீமாடாக்சிலின் எல்லா உட்கருவையும் மெல்லிய நீலமாக்குகிறது. இந்த நீலத்தைச் சிலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி விடை அதில்தான். நூற்றுக்கு எத்தனை என்று சொல்ல, பழுப்பாகாதவையும் எண்ணத் தெரிய வேண்டும். நீலம் அடர்ந்துபோனால் மங்கிய பழுப்பு மறைந்துவிடும் என்பதும் உண்டு.

பிஆர்டியூ டிஎன்ஏவில் புகும் பொருள், பிறழ்வை உண்டாக்கக்கூடியது. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. எலியின் உடலில் அது பயன்படும் நிலையில் இருப்பது இரண்டு மணி நேரம்போலத்தான். கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் என்ற அளவில் ஒரே ஊசி போட்டால், அந்தச் சிறிய சன்னலுக்குள் எஸ் கட்டத்தில் இருந்த செல் மட்டும் அகப்படும்.

அமிலத் தொல்லையைத் தவிர்க்க 2008-இல் ஏட்ரியன் சாலிக்கும் டிமோதி மிட்சிசனும் இடியூ என்ற இன்னொரு போலிச் செங்கல்லைக் கொண்டுவந்தார்கள். இதில் புரோமினுக்குப் பதில் ஒரு சிறிய ஆல்கைன் கொக்கி. செம்பு வினையூக்கியின் துணையோடு ஒளிரும் சாயம் அந்தக் கொக்கியில் நேராகப் போய் மாட்டிக்கொள்கிறது. 'கிளிக்' வேதியியல் என்று அதற்குப் பெயர். 2022-இன் வேதியியல் நோபல் பரிசு இந்த வகை வினைகளுக்காகவே பெர்டோஸி, மெல்டால், ஷார்ப்லெஸ் மூவருக்கும் போனது. சாய மூலக்கூறு ஆன்டிபாடியைவிட மிகச் சிறியது என்பதால் இழையைப் பிரிக்க வேண்டியதில்லை, திசு கெடுவதில்லை. ஆனால் நீண்ட நாள் உள்ளே இருந்தால் இடியூ செல்லுக்கு நஞ்சாகிறது. இன்னொரு கண்ணியும் உண்டு. பிஆர்டியூ ஆன்டிபாடிகளில் பல இடியூவையும் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே விலங்கில் கொடுத்துவிட்டு ஆன்டிபாடியை விசாரிக்காமல் வாங்கினால், இரட்டைக் கறை என்று மகிழ்வது வீண்.

மனிதத் திசுவுக்கு இந்த வழி பொதுவாக இல்லை. பயாப்ஸிக்கு வருபவருக்கு முந்திய நாள் ஊசி போட்டு அனுப்ப முடியாது. ஏற்கனவே பதப்பட்ட திசுவில், செல்லே தன்னிடம் வைத்திருக்கும் அடையாளத்தைத்தான் தேட வேண்டும். 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் யோஹானஸ் கெர்டெஸ் குழு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா செல்களின் உட்கருக்களை எலிக்குச் செலுத்தி ஆன்டிபாடிகளை உருவாக்கியது. 96 குழித் தட்டில் 67-ஆம் குழியில் வளர்ந்தது பெருகும் செல்களை மட்டும் பிடித்தது. கீல் நகரின் முதல் இரண்டு எழுத்தும் குழியின் எண்ணும் சேர்ந்து கேஐ-67 ஆனது. பத்தாண்டுக்காலம் அது உறைந்த திசுவில் மட்டுமே வேலை செய்தது. 1991-இல் மெழுகுச் சீவல்களை மைக்ரோவேவ் அடுப்பில் கொதிக்கவைத்தால் ஃபார்மலின் மறைத்த ஆன்டிஜென்கள் மீள்கின்றன என்பது வெளியானது. அடுத்த ஆண்டு எம்ஐபி-1 என்ற புதிய ஆன்டிபாடி வந்தது. அலமாரிகளில் பல்லாண்டுகளாகக் கிடந்த மெழுகுக் கட்டிகள் எல்லாம் ஒரே நாளில் ஆய்வுப் பொருளாயின. உலகெங்கும் பேத்தாலஜி அறிக்கைகளில் 'கேஐ-67 இத்தனை சதவீதம்' என்ற வரி நுழைந்தது சமையலறைச் சாதனம் ஒன்றின் உபயத்தில்.

கேஐ-67 ஓய்வில் இருக்கும் செல்லில் இல்லை. ஜி1 முதல் எம் வரை எல்லாக் கட்டத்திலும் இருக்கிறது. பிளவின்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் மேற்பரப்பில் பூச்சாக நிற்பது அதன் வேலைகளில் ஒன்று என்று 2016-இல் காட்டினார்கள். இதில் வேடிக்கை, அந்தப் புரதத்தை நீக்கிய செல்களும் பெருகுகின்றன. அது பெருக்கத்தின் காரணம் அல்ல. பெருக்கத்தோடு கூட வருவது. பிசிஎன்ஏ என்ற இன்னொரு அடையாளமும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. டிஎன்ஏ பழுதுபார்ப்பிலும் அது வேலை செய்கிறது, சுழற்சி முடிந்த பிறகும் தங்குகிறது, பதப்படுத்தும் முறைக்கு ஏற்ப மாறுகிறது. அதனால் மதிப்பிழந்தது. பாஸ்பேட் ஏறிய ஹிஸ்டோன் எச்3 என்பது பிளவில் இருக்கும் செல்லைப் பளிச்சென்று காட்டும். கண்ணால் எண்ணுவதற்கு நல்ல துணை.

கேஐ-67, பிஆர்டியூ, ஹிஸ்டோன் மூன்றும் எப்படி வேறுபடுகின்றன என்று விளக்க எனக்குக் கல்யாணப் பந்தியைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. பந்திக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்த எல்லோரையும் எண்ணுவது கேஐ-67. பாயசம் பரிமாறும் நேரத்தில் யார் இலையில் அது விழுந்தது என்று பார்ப்பது பிஆர்டியூ. கை கழுவ எழுந்து நிற்பவரை எண்ணுவது ஹிஸ்டோன். மூன்று எண்ணிக்கையும் சரிதான். ஆனால் இன்று மொத்தம் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சமையற்காரர் கேட்டால், மூன்றில் எதுவும் பதிலாகாது. கூடம் நிறைந்திருப்பது கூட்டம் அலைமோதுவதாலும் இருக்கலாம். சாம்பார் வராமல் இலைமுன் காத்து உட்கார்ந்திருப்பதாலும் இருக்கலாம்.

புற்றுநோய் மருந்து ஆய்வில் இந்தக் குழப்பத்தை நேராகவே காணலாம். டாக்சால் வகை மருந்துகள் செல்லைப் பிளவின் நடுவில் நிறுத்திவைக்கின்றன. அப்போது ஹிஸ்டோன் கறை கூடும்; கூடியதைப் பார்த்துப் பெருக்கம் அதிகரித்தது என்று எழுதினால் உண்மைக்கு நேர் எதிர். இதயத் தசைச் செல்லும் கல்லீரல் செல்லும் இன்னொரு விதத்தில் ஏமாற்றுபவை. அவை டிஎன்ஏவைப் படியெடுத்துவிட்டுப் பிரியாமலேயே இருந்துவிடும். சுண்டெலி பிறந்த முதல் சில நாட்களில் அதன் இதயச் செல்களில் பெரும்பாலானவை இரண்டு உட்கரு கொண்டவையாகின்றன. அங்கே பிஆர்டியூவும் கேஐ-67-உம் பழுப்பாகும். செல்லின் எண்ணிக்கை கூடாது. இதயம் புத்துயிர் பெற்றது என்று அறிவிக்கும் ஆய்வுகளில், இரண்டு செல்களாகப் பிரியும் கணத்தில் நடுவில் நிற்கும் ஆரோரா பி புரதத்தையும் தனியாகக் கேட்பது இதனால்தான்.

வேகம் தெரிய வேண்டுமானால் கடிகாரத்தைச் சோதனைக்குள் கொண்டுவர வேண்டும். அயோடின் ஏறிய செங்கல்லை முதலில் கொடுத்து, சில மணி நேரம் கழித்துக் குளோரின் ஏறியதைக் கொடுத்து, இரண்டையும் வேறு வேறு ஆன்டிபாடியால் பிரித்துக் காட்டினால், முதல் ஊசியில் மட்டும் கறைபட்டவை அந்த இடைவெளியில் எஸ் கட்டத்தைக் கடந்து போனவை. அதிலிருந்து எஸ் கட்டத்தின் நீளத்தையே கணக்கிடலாம். இது பழைய உத்தி. இருந்தும் பலர் செய்வதில்லை, ஒற்றைச் சதவீதத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

மருத்துவமனைக்குள் இந்தச் சதவீதம் வேறு சுமையைத் தாங்குகிறது. குடல், கணையத்தின் நரம்பு-நாளமில்லாச் சுரப்புக் கட்டிகளில் 3 சதவீதத்துக்குக் கீழ் முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். அடர்ந்த இடங்களில் குறைந்தது 500 செல்களையாவது எண்ண வேண்டும் என்பது விதி. இந்த வகைக் கட்டியில் அது நன்றாகவே வேலை செய்கிறது. பர்கிட் லிம்ஃபோமாவில் ஏறத்தாழ எல்லாச் செல்லும் பழுப்பாக நிற்கும். அங்கே எண்ணுவதற்கே அவசியம் குறைவு.

மார்பகப் புற்றுநோயில்தான் கதை சிக்கலாகிறது. 2011-இல் சென்ட் காலன் நிபுணர் கூட்டம் 14 சதவீதத்தை எல்லையாக ஏற்றது. 2013-இல் அது 20-ஐ நோக்கி நகர்ந்தது. அதே 2013-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஒப்பீட்டில், எட்டு ஆய்வகங்களுக்கு 100 நோயாளிகளின் திசுக்களை, ஒரே இடத்தில் சாயமேற்றியே கொடுத்தார்கள். ஆய்வகங்களின் சராசரி 7.1 சதவீதத்திலிருந்து 23.9 வரை பரவியது. ஆனால் ஒரு ஆய்வகம் தன் சொந்த எண்ணிக்கையை மறுபடி செய்தபோது மிக நெருக்கமாகவே வந்தது. சாயம் பொய் சொல்லவில்லை, கண்ணும் தடுமாறவில்லை. எந்தப் பகுதியை எண்ணுவது, மங்கிய பழுப்பைச் சேர்ப்பதா விடுவதா என்பதில்தான் ஊருக்கு ஒரு வழக்கம். 2021-இல் அந்த ஒப்பீட்டைச் செய்த பன்னாட்டுக் குழுவே இறங்கிவந்து, ஆரம்ப நிலையில் ஹார்மோன் ஏற்பி கொண்ட, ஹெர்2 இல்லாத கட்டிகளில் 5 சதவீதமும் அதற்குக் கீழும், 30 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் அதை வைத்து முடிவெடுக்கலாம் என்றது. நடுவில் இருப்பவரே பெரும்பான்மை என்பது யாருக்கும் தெரியாததல்ல.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அபெமாசிக்ளிப் என்ற மருந்தை, கேஐ-67 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு என்று நிபந்தனையோடு அனுமதித்தது. அதற்கென ஒரு சோதனைக் கிட்டும் கூடவே அனுமதி பெற்றது. 2023 மார்ச்சில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. அந்த எண் யாருக்கு மீண்டும் நோய் வரக்கூடும் என்பதைச் சொன்னது. ஆனால் மருந்தின் பலன் எல்லைக்கு இருபுறமும் தெரிந்தது. முன்கணிப்பும் மருந்துத் தேர்வும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது.

கிட்டுக்கு முன்னால் நடப்பதைப் பற்றியும் ஒரு சொல். வெட்டிய திசு ஃபார்மலினுக்குப் போகத் தாமதமானால் செல்கள் தொடங்கிய பிளவை முடித்துக்கொண்டோ சிதைந்தோ போகும், எண்ணிக்கை குறையும். பெரிய கட்டியை அறுத்துத் திறக்காமல் முழுதாக அமிழ்த்தினால், ஓரம் மட்டும் பதப்பட்டு நடு அழுகும். அந்த நடுவைச் சாயமேற்றிவிட்டு 'பெருக்கம் குறைவு' என்று எழுதிய அறிக்கைகள் இல்லாமல் இல்லை. விலை உயர்ந்த ஆன்டிபாடியைக் குளிர்பெட்டியில் பொத்திப் பொத்தி வைக்கும் ஆய்வகங்களில்கூட, அறுவை அரங்கிலிருந்து பாட்டில் எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதும் பழக்கம் இருப்பதில்லை.

வளர்ந்த மூளையில் புதிய நரம்பணுக்கள் உருவாகின்றனவா என்ற விவகாரத்திலும் கடைசியில் இந்தப் பதப்படுத்தல் சிக்கலே வந்து நிற்கிறது. 1962-இல் ஜோசப் ஆல்ட்மனும், 1965-இல் அவரோடு கோபால் தாஸும், வளர்ந்த எலியின் மூளையில் தைமிடின் கறையைக் காட்டிப் புதிய நரம்பணுக்கள் உருவாவதாகச் சொன்னபோது, கேட்க ஆளில்லை. 1998-இல் பீட்டர் எரிக்சன், ஃபிரெட் கேஜ் குழு, கட்டியின் பெருக்கத்தை அளப்பதற்காகப் பிஆர்டியூ பெற்றிருந்த ஐந்து புற்றுநோயாளிகள் இறந்த பின் அவர்களின் மூளையைப் பரிசோதித்து, ஹிப்போகாம்பஸில் கறை பட்ட நரம்பணுக்களைக் கண்டது. கறை பழுதுபார்ப்பால் வந்திருக்கலாம், சாகும் செல்லாக இருக்கலாம் என்று எதிர்வாதம் எழுந்தது. 2018-இல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஆய்வுகள்: ஒன்று பெரியவர் மூளையில் புதிய நரம்பணு இல்லவே இல்லை என்றது, மற்றது முதுமைவரை உண்டு என்றது. 2019-இல் மூன்றாவது குழு, பதப்படுத்தும் கரைசலில் மூளைத் திசு நீண்ட நேரம் கிடந்தால், இளம் நரம்பணுவைக் காட்டும் புரதத்தின் கறை மங்கிப்போகிறது என்று காட்டியது. சண்டை தீரவில்லை.

எந்தச் சாயமும் தொடாத ஒரு வழியும் இருக்கிறது. 1950-களிலிருந்து 1963-இன் தடை ஒப்பந்தம்வரை நடந்த அணுகுண்டு வெடிப்புகள் காற்றில் கார்பன்-14 அளவை உயர்த்தின. பிறகு அது சீராகக் குறைந்துவந்தது. செல் பிறந்த ஆண்டின் காற்று அதன் டிஎன்ஏவில் பதிந்திருக்கிறது. ஸ்வீடனில் யோனாஸ் ஃபிரிசென் குழு இதை வைத்து, இதயத் தசைச் செல்கள் 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம்போலப் புதுப்பிக்கப்படுவதாக 2009-இல் கணக்கிட்டது. 75 வயதில் அது 0.45 சதவீதம். இங்கே வேகம் கிடைத்துவிட்டது. ஆனால் திசுவை அரைத்துத்தான் அளக்க வேண்டும். எந்தச் செல், எந்த மூலையில், யாருக்குப் பக்கத்தில் என்பது போய்விடும். அது தெரிய வேண்டுமென்றால் மறுபடியும் ஸ்லைடுக்கே வர வேண்டும்.

நல்ல ஆய்வகங்களில் ஒரு பழக்கம் உண்டு. பிஆர்டியூ ஊசி போட்ட எலியிலிருந்து எந்த உறுப்பை எடுத்தாலும், அதே எலியின் சிறுகுடலில் ஒரு துண்டையும் அதே மெழுகில் சேர்த்துப் பதித்துவிடுவார்கள். ஊசி போடாத எலியின் குடலும் பக்கத்து ஸ்லைடில் இருக்கும். சாயம் முடிந்ததும் அனுபவமுள்ள டெக்னீஷியன் ஆய்வுக்குரிய திசுவைப் பார்ப்பதில்லை. ஓரத்தில் இருக்கும் குடல் துண்டுக்குத்தான் லென்ஸை முதலில் நகர்த்துகிறார்: குழிகள் பழுப்பா, விரல்கள் நீலமா என்று.